துயரிலும் அணையாத மகிழ்ச்சி

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. திருச்சபை தொன்றுதொட்டு 'மகிழ்ச்சி ஞாயிறு' என அழைத்துவரும் நாள் அது. எக்காலத்தும் மகிழ்ந்திருக்குமாறு தெசலோனிக்கேயருக்குப் புனித சின்னப்பர் கூறிய அறிவுரை அன்று திருப்பலியில் வாசிக்கப்பெற்றது. அதே ஞாயிறன்றுதான் தூத்துக்குடி மாவட்டத்தைப் பெருமழை வளைத்துக்கொண்டது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு முழுவதும் இங்குப் பெய்யும் மழையினும் இது மிகுதி.

தாமிரபரணி கரைபுரண்டது. ஆற்றங்கரையில் அமைந்த ஏரலின் கடைவீதியும் வீடுகளும் நீரில் மூழ்கின. பாலம் சேதமுற்றது, மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. வயலில் நின்ற நெல்லும் வாழையும் பாழாயின. 1923-இல் நிறுவப்பெற்ற தூத்துக்குடி மறைமாவட்டம் நூற்றாண்டு கண்ட அதே ஆண்டின் இறுதியில் நேர்ந்த துயரம் இது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கோ இன்னும் ஒரு வாரமே இருந்தது.

அன்பர்களே, உடுத்திய உடையன்றி யாவும் இழந்த ஒரு தாயிடம் சென்று, "மகிழ்ந்திரு அம்மா" என்று நாம் கூறலாமா? கூறினால் அது ஆறுதலாகுமா, அன்றி ஏளனமாகுமா? இவ்வினாவைத் தட்டிக்கழித்துவிட்டுக் கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

முதற்கண் ஒன்றை உணர வேண்டும். கிறிஸ்தவ மகிழ்ச்சி கண்ணீரை மறுப்பதன்று. லாசரின் கல்லறையருகே இயேசு பெருமானே அழுதார். சிலுவையடியில் தேவதாய் துயருற்று நின்றாள். ஆகவே அழுகின்ற ஒருவரை விசுவாசம் குன்றியவர் எனக் கருதுவது பெரும் பிழை. பிலிப்பியருக்கு மகிழ்ச்சியின் திருமுகத்தை எழுதியபோது சின்னப்பர் சிறையில் விலங்குண்டு கிடந்தார். தம் விலங்கை அவர் இன்பம் என்று சொல்லவில்லை. விலங்கிலும் ஆண்டவர் தம்மைக் கைவிடவில்லை என்பதே அவர் மகிழ்ச்சிக்கு அடிப்படையாயிற்று. வசதி தரும் இன்பம் வசதியோடு போய்விடும். இறைவனின் அண்மை தரும் மகிழ்ச்சியோ துயரத்தோடு உடனுறையும்.

இம்மகிழ்ச்சியை நம் முத்துக்குளித்துறை நன்கறியும். 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகும் என்றும், ஆயினும் உள்ளத்தில் பொங்கும் ஆறுதல் தாங்கவொண்ணாதது என்றும் 1544 சனவரியில் எழுதினார். அதே ஆண்டு வடுகர் படை கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. கன்னியாகுமரிப் பகுதி மக்கள் பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் வாடினர். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைக் குமரிக்குச் செல்லவொட்டாமல் தடுத்தது. ஆயினும் அவர் சோர்ந்து ஒதுங்கிவிடவில்லை; தரைவழியே நடந்து அம்மக்களிடம் சென்றார். தாங்கவொண்ணா ஆறுதலைப் பற்றி எழுதிய அந்தக் கையே தோணியில் உணவை ஏற்றியது. துன்புறுவோரை நாடிச் செல்லாத மகிழ்ச்சி கிறிஸ்துவின் மகிழ்ச்சியன்று.

2023-இலும் தோணிகள் வந்தன. கடற்கரை மீனவர் தம் படகுகளை வெள்ளம் சூழ்ந்த உள்ளூர்களுக்குக் கொண்டுவந்தனர். திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. அருகிலுள்ள புதுக்குடி மக்கள், தாங்களும் வெள்ளத்தால் சூழப்பட்டிருந்தும், தங்களிடமிருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்கு உணவளித்தனர். சமயம் எதுவெனக் கேளாமல் பகிரப்பட்ட அந்தச் சோற்றில், பெத்லகேமின் ஏழ்மைக் குடிலுக்குரிய அருளை நாம் காணக்கூடாதா?

1975-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் கிறிஸ்தவ மகிழ்ச்சியைக் குறித்தே ஓர் அறிவுரை மடல் வெளியிட்டார். இன்பங்களைப் பெருக்கும் இன்றைய உலகிற்கு மகிழ்ச்சியைத் தோற்றுவிப்பது அரிதாக இருப்பதை அவர் அதில் சுட்டிக்காட்டினார். நம் இல்லங்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே துயருற்ற இல்லத்திற்கு அறிவுரையோடு செல்லாதீர்கள். ஒரு பானைச் சோற்றோடு செல்லுங்கள். சேறு அள்ளத் துணைநில்லுங்கள். அழுவாரோடு அமர்ந்து அழுங்கள். மாலையில் குடும்பமாகச் செபமாலை சொல்லும்போது அவர்கள் பெயரையும் சொல்லுங்கள். இழப்பு ஒரு நாளில் ஆறாது. ஆயினும் தாம் தனித்து விடப்படவில்லை என்பதை அவர்கள் உணரும்போது, எந்த வெள்ளமும் அடித்துச் செல்லவியலாத மகிழ்ச்சி அவ்வீட்டில் மெல்லத் துளிர்க்கும்.