திறந்த மூலநிரலும் மூடிய வன்பொருளும்

திறந்த மூலநிரல் கொண்ட பணிசெயல் முறைமையைத் தெரிவுசெய்தல் தனிமனித விருப்பைப் பொறுத்ததெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், கணினியிலுள்ள வரைவியல் அட்டையே அத்தெரிவைப் பெருமளவு நிர்ணயிக்கின்றது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். அட்டையை இயக்கும் செலுத்தி மென்பொருளை எழுத அதன் உள்ளமைப்புப் பற்றிய அறிவு இன்றியமையாதது. அவ்வறிவோ உற்பத்தி நிறுவனத்தின் தனியுடைமை.

நிறுவனங்களிடையே வேறுபாடு உண்டு. இன்டெல், லினக்ஸுக்கான தன் செலுத்திகளைத் திறந்த மூலநிரலாகவே வழங்குகின்றது. ஏ.எம்.டி. 2007இல் தொழினுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. அதன் புதிய செலுத்தி 2015இல் லினக்ஸ் கருநிரலில் இணைந்தது. என்விடியா நெடுங்காலம் மறுத்தமையால், ஆர்வலர்கள் அட்டைகளின் இயக்கத்தை அவதானித்தே 'நூவோ' செலுத்தியை உருவாக்கினர். அது 2010இல் கருநிரலிற் சேர்ந்தது. ஆயினும், 2014 செப்டெம்பரில் அறிமுகமான 900 வரிசை அட்டைகள் நிறுவனம் ஒப்பமிட்ட நிலைபொருளையே ஏற்றன. அவற்றின் முழுவேகம் நூவோவுக்கு எட்டவில்லை. 2022இல் என்விடியா திறந்தது கருநிரற் பகுதியை மட்டுமே. அதுவும் 2018இலும் அதன் பின்னரும் வந்த அட்டைகளுக்கே.

எனவே, முதலில் அட்டையின் பெயரையும் தலைமுறையையும் அறிதல் வேண்டும். புதிய அட்டைக்கு அண்மைக்காலக் கருநிரல் கொண்ட வெளியீடு தேவை. பழைய என்விடியா அட்டைக்குரிய மூடிய செலுத்தி புதிய கருநிரலோடு இணங்காது போகலாம். நிறுவுமுன் யூ.எஸ்.பி. தட்டிலிருந்து முறைமையை இயக்கிப் பார்த்தல் நன்று. டெபியன் போன்ற அமைப்பே, 2023இல் வெளியிட்ட 12ஆம் பதிப்பின் நிறுவியில் மூடிய நிலைபொருளைச் சேர்க்க நேர்ந்தது.

பழுதற்ற கணினியொன்று, செலுத்தி கைவிடப்பட்டமையாற் குப்பையாகின்றது. பணம் கொடுத்து வாங்கியவர் பொருளுக்கு உரிமையாளர்; அதன் ஆயுளுக்கு உரிமையாளர் வேறொருவர். திறந்த மூலநிரல் இயக்கத்தின் போராட்டம் இம்முரண்பாட்டிலேயே வேர்கொண்டுள்ளது எனலாம்.