இரண்டு வீரர்களைப் பறிகொடுத்த மானேஜர்

நம் ஊரில் பால்காரர் கேன்களைக் கட்டிக்கொண்டு போகிறாரே, அந்த மோட்டார் சைக்கிளின் என்ஜின் 100 சி.சி. இருக்கும். மிஞ்சிப்போனால் 125 சி.சி. அதே 125 சி.சி. என்ஜினை வைத்துக்கொண்டு மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல் பறக்க முடியுமா?

முடியும். பறந்து காட்டினார் ஒருவர். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை உலகப் பட்டமும் வாங்கினார்.

அவர் பெயர் பவுஸ்தோ கிரெசினி. இத்தாலி நாட்டுக்காரர். சிறிய உருவம். 1961-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி இமோலா என்ற ஊரில் பிறந்தார். இமோலாவில் புகழ் பெற்ற பந்தயப் பாதை ஒன்று உண்டு. பக்கத்தில் உள்ள போலோனியா நகரில்தான் டுகாட்டி மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

1985-ம் ஆண்டு காரெல்லி என்ற இத்தாலியக் கம்பெனியின் வண்டியில் ஏறி, முதல் உலகப் பட்டத்தைப் பிடித்தார். மறு ஆண்டு பட்டம், கூட ஓட்டிய லூக்கா கடலோராவிடம் போய்விட்டது. கிரெசினிக்கு 2-வது இடம். விடுவாரா மனிதர்? 1987-ம் ஆண்டு நடந்த 11 பந்தயங்களில் 10-ல் அவரே முதலாவதாக வந்தார்! கடைசிப் பந்தயம் ஒன்றுதான் கை நழுவியது. மற்ற வீரர்கள் அந்த ஆண்டு முழுவதும் அவருடைய முதுகைத்தான் பார்த்தார்கள்.

பிறகு சட்டம் மாறிற்று. காரெல்லி வண்டிக்கு இரண்டு சிலிண்டர். "இனி இந்தப் பிரிவில் ஒரு சிலிண்டர் வண்டிதான் ஓடலாம்" என்று 1988-ல் விதி வந்தது. காரெல்லியின் ஆதிக்கம் அதோடு முடிந்தது. கிரெசினி ஹோண்டா வண்டிக்கு மாறினார்.

தம்பிக்குத் துணை

1990-ம் ஆண்டு அவருடன் ஒரே அணியில் ஓட்டியவன் 17 வயதுப் பையன். பெயர் லோரிஸ் கபிரோசி. பட்டம் யாருக்கு என்பதைக் கடைசிப் பந்தயம் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் பந்தயம். பையனுக்குக் கடும் போட்டி கொடுத்தவர்களில் ஹாலந்து வீரர் ஹான்ஸ் ஸ்பான் ஒருவர்.

கிரெசினியும் மற்ற சில இத்தாலிய வீரர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்பானை முன்னேற விடாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி மறித்தார்கள். ஆத்திரம் தாங்காத ஸ்பான், ஓடும் வண்டியில் இருந்தபடியே கிரெசினி மீது கையை ஓங்கினார்! கபிரோசி முந்திச் சென்று உலகப் பட்டம் வாங்கினான். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பட்டத்தை அதுவரை யாரும் வாங்கியதில்லை.

இது நியாயமான ஆட்டமா என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தான். ஆனால் தன் வெற்றியை விட்டுவிட்டு இன்னொருவன் வெற்றிக்காக ஓட்டும் மனம் கிரெசினிக்கு அப்போதே இருந்தது. அடுத்த ஆண்டு அதே பையன் கிரெசினியைத் தோற்கடித்து மறுபடியும் பட்டம் வாங்கினான். கிரெசினிக்கு 2-வது இடம். 1992-லும் 2-வது இடமே.

1994-ம் ஆண்டோடு ஓட்டுவதை நிறுத்தினார். அப்போது அவர் கணக்கில் 21 வெற்றிகள்.

மானேஜர் ஆனார்

1997-ம் ஆண்டு சொந்தமாக ஓர் அணி தொடங்கினார். பிரேசில் நாட்டு வீரர் அலெக்ஸ் பாரோசைச் சேர்த்துக்கொண்டு, பெரிய வண்டிகள் ஓடும் 500 சி.சி. பிரிவில் இறங்கினார்.

அணி நடத்துவது என்றால் என்ன? இப்படிப்பட்ட அணிகள் மோட்டார் சைக்கிளைத் தாங்களே செய்வதில்லை. ஹோண்டா, டுகாட்டி போன்ற கம்பெனிகளிடம் வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கான பணத்தை விளம்பரம் கொடுக்கும் முதலாளிகளிடம் கேட்டு வாங்க வேண்டும். மெக்கானிக்குகளுக்குச் சம்பளம் தர வேண்டும். வண்டி, டயர், ஆள் எல்லாவற்றையும் நாடு நாடாக ஏற்றி அனுப்ப வேண்டும். பெண்ணைப் பெற்றவர் கல்யாண வேலை பார்ப்பது போலத்தான். என்ன வித்தியாசம் என்றால், இந்தக் கல்யாணம் ஆண்டுக்கு ஒன்றல்ல, 15-க்கு மேல்!

பழைய கூட்டாளி கபிரோசி 1999-ல் கிரெசினி அணிக்கே வந்து ஓட்டினார். அடுத்த ஆண்டு ஜப்பானில் இருந்து வந்தவர் டைஜிரோ காட்டோ. அதிகம் பேசாதவர். வண்டியில் ஏறிவிட்டால் வேறு மனிதர். 2001-ம் ஆண்டு 250 சி.சி. பிரிவில் 11 பந்தயங்களில் வென்று, உலகப் பட்டத்தைக் கிரெசினி அணிக்குக் கொண்டுவந்தார். உடனே அவரைப் பெரிய வண்டிகளின் பிரிவுக்கு உயர்த்தினார் கிரெசினி. அடுத்த உலக வீரர் இவர்தான் என்று பலரும் நம்பினார்கள்.

சுசூகாவில் நடந்தது

2003-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி. ஜப்பானில் உள்ள சுசூகா. அந்த ஆண்டின் முதல் பந்தயம். காட்டோ பிறந்த நாட்டு மக்கள் திரண்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்தயம் தொடங்கிச் சில சுற்றுகளே ஆகியிருந்தன. காட்டோவின் வண்டி பாதையை விட்டு விலகித் தடுப்பில் மோதியது. நினைவு இழந்த அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டு வாரம் கண் திறக்கவில்லை. ஏப்ரல் 20-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 26. மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள்.

அதன்பிறகு சுசூகாவில் அந்த உலகப் பந்தயம் நடத்தப்படவே இல்லை.

ஒரு வீரன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான்; அது அவன் பாடு. மானேஜரின் நிலை அப்படியா? வண்டியைத் தருவது அவர். களத்துக்கு அனுப்பி வைப்பது அவர். சுற்று முடிந்து அத்தனை வண்டிகளும் கடந்து போகும்போது, தன் வண்டி மட்டும் வரவில்லை என்பதை முதலில் பார்ப்பவரும் அவர்தான்.

காட்டோ இறந்து ஒரு வாரம் கழித்து, தென் ஆப்பிரிக்காவில் வெல்கோம் என்ற இடத்தில் அடுத்த பந்தயம். கிரெசினி அணியின் மற்றொரு வீரரான ஸ்பெயின் நாட்டு செட்டே கிபர்னாவ், உலக வீரர் ரோசியை எதிர்த்துப் போராடி முதலாவதாக வந்தார். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் வானத்தை நோக்கிக் கையைக் காட்டினார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கிபர்னாவுக்கு உலகில் 2-வது இடம் கிடைத்தது. 2005-ல் அதே 2-வது இடத்தை அணியின் மார்க்கோ மெலாண்ட்ரி பிடித்தார்.

மீண்டும் ஓர் இடி

2010-ம் ஆண்டு கிரெசினி அணிக்கு வந்தார் மார்க்கோ சிமோன்செல்லி. காட்டோவுக்கு நேர் எதிர். தலை நிறையப் புதர் போல் சுருட்டை முடி. வாய் நிறையச் சிரிப்பு. வண்டி ஓட்டினால் பக்கத்தில் வருபவர்களுக்குப் பயம். இத்தாலியே அவரைச் செல்லப்பிள்ளையாகக் கொண்டாடியது.

2011-ம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் 2-வதாக வந்தார். ஒரு வாரம் கழித்து, 23-ந் தேதி, மலேசியாவில் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள செப்பாங்கில் அடுத்த பந்தயம். 2-வது சுற்று. வளைவில் சிமோன்செல்லியின் வண்டி சறுக்கியது. அவர் வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சறுக்கிய வண்டி வெளியே போயிருந்தால் பிழைத்திருப்பார். டயர் மறுபடி தரையைக் கவ்வியதால், பாதையின் குறுக்கே வந்துவிட்டது. பின்னால் வந்த எட்வர்ட்சும் ரோசியும் விலக வழியில்லை. மோதிய வேகத்தில் ஹெல்மெட்டே கழன்று உருண்டது. பந்தயம் ரத்து ஆனது. சிமோன்செல்லி இறந்தார். வயது 24. மோதிய இருவரில் ஒருவரான ரோசி அவருடைய நெருங்கிய நண்பர்.

ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் சிமோன்செல்லிக்கு அஞ்சலி செலுத்தினார்கள். "மௌனம் வேண்டாம், சத்தம் போடுங்கள், என் மகனுக்கு அதுதான் பிடிக்கும்" என்பது தந்தையின் விருப்பம். அப்படியே என்ஜின்கள் உறும, வாணங்கள் வெடிக்க, மக்கள் ஆரவாரம் செய்தார்கள்.

ஒரு மானேஜருக்கு இரண்டு சாவு. கிரெசினி அணியைக் கலைக்கவில்லை. 2012-ம் ஆண்டு இத்தாலியில் உள்ள மிசானோ பந்தயப் பாதைக்குச் சிமோன்செல்லி பெயரைச் சூட்டினார்கள். அந்த ஆண்டு அங்கே நடந்த பந்தயத்தில், அணியின் புதிய வீரர் பவுதிஸ்தா 3-வதாக வந்து மேடை ஏறினார்.

சிறிய வண்டிகளின் பிரிவுகளிலும் பட்டங்கள் வந்தன. 2010-ல் டோனி எலியாஸ், 2018-ல் ஜார்ஜ் மார்ட்டின். இருவரும் கிரெசினி அணியில் இருந்து உலகப் பட்டம் வாங்கியவர்கள்.

ஆஸ்பத்திரியில் 2 மாதம்

2020-ம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் கிரெசினிக்குக் கொரோனா கண்டது. இமோலா ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிறகு போலோனியாவுக்குக் கொண்டு போனார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் போராட்டம். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி இரவு, அவர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. குடும்பத்தார் பதறிப்போய் மறுத்தார்கள். பொழுது விடிந்தது. 23-ந் தேதி காலையில் உயிர் பிரிந்தது உண்மையாகவே போயிற்று. அவருக்கு வயது 60.

விட்டுச் சென்றது மனைவி நாடியா பதோவானியையும், நான்கு பிள்ளைகளையும், ஓர் அணியையும். அடுத்த ஆண்டு முதல் தனி அணியாக ஓடுவது என்று கிரெசினி முன்பே ஒப்பந்தம் செய்திருந்தார். வண்டி இன்னும் முடிவாகவில்லை. அணியை விற்றுவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நாடியா விற்கவில்லை. கணவர் உட்கார்ந்த நாற்காலியில் தாமே உட்கார்ந்தார். டுகாட்டி கம்பெனியுடன் பேசி முடித்தார். கிடைத்தவை முந்திய ஆண்டு வண்டிகள். சிறு பையனாக இருந்தபோது கிரெசினி அணியில் சேர்ந்து தொழில் பழகிய எனேயா பஸ்தியானினியை வீரராக வைத்தார்.

2022-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி. கத்தார் நாட்டில் இரவு விளக்கு வெளிச்சத்தில் முதல் பந்தயம். முன்னால் போன எஸ்பர்கரோவைக் கடைசிச் சில சுற்றுகளில் முந்தினார் பஸ்தியானினி. முதலிடம்! நாடியா கண்ணீர் விட்டு அழுததை உலகமே பார்த்தது. அந்த ஆண்டு மேலும் 3 பந்தயங்களில் வென்று, பஸ்தியானினி உலகில் 3-வது இடம் பெற்றார்.

2024-ல் அந்த அணிக்கு வந்தவர் மார்க் மார்க்வெஸ். எட்டு முறை உலகப் பட்டம் வாங்கியவர். கை முறிந்து, வெற்றியே இல்லாமல் வாடியவர். ஹோண்டா கம்பெனியின் பெரிய ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, பழைய வண்டி ஓட்ட நாடியாவிடம் வந்தார். செப்டம்பர் 1-ந் தேதி அரகானில், ஆயிரம் நாட்களுக்குப் பிறகு வெற்றியைத் தொட்டார்.

ஒரு வாரம் கழித்து மிசானோவில் பந்தயம். சிமோன்செல்லி பெயர் தாங்கிய பந்தயப் பாதை அது. அதை ஒட்டிய ஒரு சாலைக்குக் காட்டோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அன்றும் முதலாவதாக வந்தது கிரெசினி அணியின் வண்டிதான்.