பட்டாயா போகும் வியாபாரிகள் கவனத்திற்கு

சோப்பு, எண்ணெய், பிஸ்கட் கம்பெனிகள் விற்பனை இலக்கை எட்டிய டீலர்களை வெளிநாடு அழைத்துச் செல்வது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. அதில் தாய்லாந்தின் பட்டாயா கடற்கரைக்கு நம்மவர்கள் அடிக்கடி போய் வருகிறார்கள். பாங்காக்கிலிருந்து சுமார் 150 கிலோ மீட்டர் தூரம். கல்லாவை விட்டு அரை நிமிடம் நகர யோசிக்கும் நாம், கடல் காற்று பட்டதும் சட்டைப் பையையே மறந்துவிடுகிறோம்.

முதலில் தங்கம். கழுத்தில் ஐந்து பவுன் சங்கிலி, கையில் பிரேஸ்லெட், விரல்களில் மோதிரம் என்று போனால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். அங்கே இந்தியச் சுற்றுலாப் பயணிகளிடம் மோட்டார் சைக்கிளில் வந்து சங்கிலி பறித்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. நட்பாகப் பேசி, தோளில் கை போட்டு, நெருங்கி நின்று கழற்றிக்கொண்டு போவதும் உண்டு. நகையைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஜெட் ஸ்கீ. இது திருட்டுக் கணக்கில் வராது. ஆனால் பணம் போவது போவதுதான். வண்டியைத் திருப்பி விடும்போது, "இந்தக் கீறல் உன்னால் வந்தது" என்று பழைய கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் பாட் கேட்பார்கள். நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். எங்கள் குழுவில் வந்த அரிசி வியாபாரி ஒருவர், ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து, அடிப்பாகம் உட்பட எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். லாரியில் வந்த மூட்டையை இறக்குமுன் தையலைப் பார்ப்பவர் அவர், பழக்கம் விடவில்லை. அவரிடம் யாரும் பேச்சே எடுக்கவில்லை. எதற்காகவும் பாஸ்போர்ட்டை ஈடாகக் கொடுக்காதீர்கள். தகராறு வந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

கோ லான் தீவுக்குப் படகில் போய்க் குளிக்கும்போது எல்லோரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்காமல், கடையில் முறை வைத்துக் கல்லாவில் உட்காருவது போல ஒருவர் கரையில் இருக்கட்டும். அன்றைய செலவுக்கான பணம் மட்டும் கையில் போதும். பணம் மாற்றும் இடத்தில் அங்கேயே நின்று எண்ணுங்கள். எண்ணுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது என்றாலும் நோட்டு புதிது. 100 பாட் சிவப்பு, 500 ஊதா, 1000 பழுப்பு.

செல்போனை விசேஷமாகச் சொல்ல வேண்டும். இன்று வசூல், வங்கி, கம்பெனி ஆர்டர் எல்லாமே அதில்தான். பாங்க் கணக்கோடு இணைந்த சிம் உள்ள போனை அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, சாதாரணப் போன் ஒன்றைக் கடற்கரைக்கு எடுத்துச் செல்லலாம். தொலைந்தால் உடனே எந்த எண்ணில் சிம்மையும் கணக்கையும் முடக்கச் சொல்ல வேண்டும் என்பதை, கடையைப் பார்த்துக்கொள்ளும் பையனிடமோ தம்பியிடமோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பெட்டகத்துக்கு 1234 என்றும் பிறந்த வருஷம் என்றும் எண் வைக்காதீர்கள்.

பாஸ்போர்ட் போனால் முதலில் போலீஸ் புகார். அதன் நகல் இல்லாமல் பயண இன்சூரன்சும் கிடைக்காது. பிறகு பாங்காக் சுகும்வித் பகுதியில் உள்ள நம் தூதரகத்துக்குப் போய், ஊர் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் வாங்க வேண்டும். வார விடுமுறை குறுக்கே வந்தால் குழு விமானம் ஏறிவிடும். நாம் தனியாக நிற்போம். பாஸ்போர்ட் நகல் ஒன்று பெட்டியிலும் ஒன்று வீட்டிலும் இருந்தால் இந்த அலைச்சல் பாதியாகும்.

சில டூர் ஏற்பாட்டாளர்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மொத்தமாக வாங்கி ஒரே பையில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பை இரவில் எங்கே, யார் பொறுப்பில் இருக்கும் என்று சென்னையில் விமானம் ஏறுமுன்பே கேட்டுவிடுங்கள். சரியான பதில் வராவிட்டால் உங்களுடையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.