கைக்குழந்தையின் மாஸ்க்கில் என்ன வாயு?

பால் குடித்துத் தூங்கிப்போன கைக்குழந்தையின் மூக்கிலும் வாயிலும் சின்ன மாஸ்க்கைப் பொருத்துகிறார்கள். நுரையீரலில் இருக்கும் வாயு எத்தனை மூச்சில் வெளியேறுகிறது என்று கணினி எண்ணுகிறது. ‘வாஷ்அவுட்’ எனப்படும் இந்தச் சோதனை, கைக்குழந்தைகளிடம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காகவே செய்யப்படுகிறது.

ஒரு முறையில் 4 சதவீத சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு கலந்த வாயுவைச் சுவாசிக்க விடுவார்கள். துணைமின் நிலைய சுவிட்ச்கியரில் அடைக்கும் அதே வாயுதான். ஆனாலும் பதற வேண்டாம், உடலில் அது எதனோடும் வினைபுரிவதில்லை. சாது என்று நாம் நம்பும் ஆக்சிஜன்தான் இங்கே சேட்டை செய்கிறது. இன்னொரு முறையில் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து நைட்ரஜனை வெளியேற்றுவார்கள். அப்போது கைக்குழந்தையின் மூச்சு சற்று நேரம் ஆழம் குறைகிறது, சோதனைக் கணக்கும் பிசகுகிறது. அதனால்தான் 2013இல் ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கங்களின் கூட்டறிக்கை இம்முறையைக் கைக்குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கவில்லை. என்னைக் கேட்டால், வாயுவைவிட, தானாகத் தூங்காத குழந்தைக்குச் சில சமயம் கொடுக்கும் தூக்க சிரப்பைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். மூச்சை மந்தமாக்கும் குணம் அதற்கு உண்டு.

ஆக்சிஜன் பற்றிச் சொல்லாமல் விட்டதன் விலை சென்னைக்குத் தெரியும். 1996இல் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டர், ஆக்சிஜன் எல்லாம் கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை பாதிக்கப்படலாம், கண்ணைப் பரிசோதியுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் குறை தெரியவந்தது. அதற்குள் பார்வை போயிருந்தது. பெற்றோர் தொடுத்த வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது.

ஆகவே மயிலாப்பூரோ அடையாறோ, கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: எந்த வாயு, எத்தனை சதவீதம், தூக்க மருந்து உண்டா, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி விரலில் மாட்டியிருக்குமா? சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா? ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் கட்டாயம். இடையில் விலகினால் குழந்தையின் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

ஏதேனும் நேர்ந்தால் முதலில் மருத்துவக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மருத்துவர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.