வீடா, மைதானமா? பெர்லின் மக்கள் சொன்ன பதில்

தலைசாய்க்க இடமின்றித் தவிப்பவனிடம் போய், "உனக்கு வீடு வேண்டுமா, உலாவ மைதானம் வேண்டுமா?" என்று கேட்டால் என்ன சொல்வான்? வீடு என்பான்! அப்படித்தான் நாம் நினைப்போம். பெர்லின் நகரத்து ஆட்சியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் 2014 மே 25-ந் தேதி அந்த நகரத்து மக்கள் வாக்குச்சாவடிக்கு வந்து, "மைதானத்தில் கை வைக்காதே!" என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். திகைத்தவர் பலர். 'சுயநலக் கும்பல்' என்று ஏசியவர்களும் உண்டு. ஏசுவது எளிது, தோழர்களே! ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று பார்ப்போமா?

டெம்பல்ஹோப் என்பது அந்த மைதானத்தின் பெயர். சுமார் 300 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் 700-க்கு மேல். மன்னராட்சிக் காலத்தில் பட்டாளம் அணிவகுத்த திடல் அது. பிறகு விமான நிலையமாயிற்று. ஹிட்லரின் ஆட்சியில் அதன் ஓரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ராட்சதக் கட்டடம் எழும்பிற்று. யுத்தகாலத்தில், பிற நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட தொழிலாளர்களைக் கொட்டடியில் அடைத்து, போர் விமானம் பூட்டும் வேலையை வாங்கினார்கள். 1948-ல் மேற்குப் பெர்லினுக்குப் போகும் தரைவழியை சோவியத் சர்க்கார் அடைத்தபோது, மாவும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கியதும் அங்கேதான்.

2008 அக்டோபரில் விமான நிலையத்தை மூடினார்கள். 2010 மே மாதம் வேலிக் கதவு மக்களுக்குத் திறந்தது. ஓடுபாதையில் சிறுவர்கள் சைக்கிள் விட்டார்கள். புல்வெளியில் வானம்பாடி கூடு கட்டிற்று. அதை ஒட்டியுள்ள நோய்கெல்ன் பகுதி, துருக்கியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பேட்டை. தோட்டமும் இல்லை, மாடமும் இல்லை அவர்களுக்கு. மாலையானால் அடுப்பும் பாத்திரமுமாக அங்கே வந்து உட்கார்ந்தார்கள். பலகைப் பெட்டியில் மண் கொட்டிச் செடி வைத்தவர்களும் உண்டு.

இந்த இடத்தில்தான், ஓரங்களில் 4,700 வீடுகள் வரை கட்டுவோம், பெரியதோர் நூலகமும் எழுப்புவோம், நடுவிலே சுமார் 230 ஹெக்டேரை விட்டுவைப்போம் என்றது நகர சர்க்கார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது! மக்கள் கேட்டதோ வேறு கேள்வி. வீடு சரி, வாடகை எவ்வளவு? குடியேறப் போவது நானா, பை கனத்தவனா? இன்று ஓரத்தை எடுப்பவன் நாளை நடுவை எடுக்கமாட்டான் என்பதற்கு என்ன ஜாமீன்? அதே ஆட்சியாளர்கள் பங்காளிகளாக இருந்து கட்டிய புதிய விமான நிலையம், 2012-ல் திறக்கப்படும் என்று தேதி குறித்து, கடைசி நேரத்தில் நின்றுபோய், 2020-ல்தான் திறந்தது. அவர்கள் வாக்கை நம்பச் சொன்னால் யார் நம்புவார்?

எனவே மக்களே சட்டம் எழுதினார்கள். ஆம், மனு அல்ல, சட்டம்! வாக்காளரில் நூற்றுக்கு ஏழு பேர் கையொப்பமிட்டால் அதை வாக்கெடுப்புக்கு விட்டாக வேண்டும். வீதி வீதியாக நின்று அதற்கு மேலும் திரட்டினார்கள். சட்டசபை தன் பங்குக்கு ஒரு மாற்று மசோதாவைப் பக்கத்தில் வைத்தது, அது தோற்றது. மக்கள் மசோதாவுக்கு 64.3 சதவிகிதம் ஆதரவு. மொத்த வாக்காளரில் கால்பங்காவது ஆதரிக்க வேண்டும் என்ற விதியையும் தாண்டிற்று. 2008-ல் விமான நிலையத்தை மூடாதே என்று நடந்த வாக்கெடுப்பு இந்த விதியில்தான் விழுந்தது. வாக்களித்தவரில் பெரும்பாலோர் ஆதரித்தும் பயனில்லை.

"நான் வாடகைக்கு அலைகிறேன், அவர்களுக்குப் புல்வெளியா?" என்று கேட்கும் தோழனை நாம் அலட்சியம் செய்யவில்லை. அவன் கேள்வியில் உண்மை இருக்கிறது. பெர்லினில் அதற்குப் பின் வாடகை ஏறிற்றே தவிர இறங்கவில்லை. ஆனால் 2021 செப்டம்பரில் அதே நகரத்தில் இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது: 3,000-க்கு மேல் வீடுகளை வைத்திருக்கும் கம்பெனிகளிடமிருந்து அவற்றைப் பொதுவுடைமை ஆக்கலாமா என்று. ஆக்கு என்றனர் பெரும்பான்மையோர்! வீட்டை வெறுத்தவர்களா இவர்கள்?

ஆனால் ஒரு வித்தியாசம். 2014-ல் மக்கள் நிறைவேற்றியது சட்டம்; சர்க்கார் கையைக் கட்டிற்று. 2021-ல் நிறைவேற்றியது வெறும் கோரிக்கை. நிபுணர் குழு போட்டார்கள், அறிக்கை வந்தது, ஆண்டுகள் உருண்டன, வீடுகள் கைமாறவில்லை. மக்கள் இயற்றிய சட்டமும் இரும்புப் பெட்டியில் இல்லை. போருக்குத் தப்பி வந்த அகதிகளுக்குக் கொட்டகை போட, 2016-ல் சட்டசபையே அதைத் திருத்திற்று. அந்தக் காரியத்தில் நாம் குறை காணமாட்டோம். அகதிக்காகத் திறக்கும் கதவு மற்றவனுக்கும் திறக்குமே என்று அவ்வூரார் அஞ்சியதிலும் குறை காணமாட்டோம்.

2023-ல் வந்த புதிய கூட்டாட்சி மறுபடி வீட்டுப் பேச்சை எடுத்தது. 2024-ல், நம் பழைய குடவோலை போல, குலுக்கல் முறையில் 275 பேரைப் பொறுக்கி உட்கார வைத்து, மைதானத்தை என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். படங்களைக் காட்டினார்கள். நிபுணர்களைப் பேசவிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள்: கட்டாதே. அதன் பிறகும் ஆட்சியாளர் கட்டடப் பேச்சை விடவில்லை.