தூணில் இருக்கும் 22 பெயர்கள்

மகாராஷ்டிர மாநிலம் புனே அருகே பீமா நதிக்கரையில் உள்ள ஊர் கோரேகான். ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று லட்சக்கணக்கான தலித் மக்கள் இங்கே திரள்கிறார்கள். அவர்கள் வருவது, ஊருக்கு வெளியே நிற்கும் ஒரு கல்தூணுக்கு மரியாதை செலுத்த.

1818-ல் அதே நாளில் இங்கே போர் நடந்தது. சிரூரிலிருந்து கேப்டன் ஸ்டாண்டன் தலைமையில் சுமார் 800 பேர் கொண்ட கம்பெனிப் படை இரவெல்லாம் நடந்து வந்து சேர்ந்திருந்தது. அதில் கணிசமானோர் மகர்கள். எதிரே பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்படை. அதிலிருந்து சுமார் 2 ஆயிரம் பேர் ஊருக்குள் புகுந்து தாக்கினர். பகல் முழுவதும் தெருத்தெருவாகச் சண்டை. கம்பெனி வீரர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் ஊரை விடவில்லை. இரவில் தாக்குதல் ஓய்ந்தது. பேஷ்வாவின் படை விலகிச் சென்றது. அடுத்த ஜூனில் பேஷ்வா சரணடைந்தார்.

அந்த ஆட்சியில் தீண்டப்படாதோர் புனேக்குள் கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்க வேண்டியிருந்தது என்று 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதுகிறார்.

அதற்காக, அதைச் சாதிக்கு எதிரான போர் என்று நாம் சொல்லிவிட முடியாது. கம்பெனிப் படையில் மராத்தியரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். பேஷ்வா பக்கம் முன்னின்று மோதியவர்களில் அரபு வீரர்கள் பலர். மகர்கள் கம்பெனியின் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள். சாதியை ஒழிப்பது கம்பெனியின் நோக்கமும் அல்ல. 1890-களில், மகர்கள் 'போர் மரபினர்' அல்லர் என்று சொல்லி அதே வெள்ளையர் அரசு ராணுவத்தின் கதவைச் சாத்தியது.

ஆனால், கல்லில் வெட்டிய பெயர்களை அழிக்க முடியவில்லை. தூணில் உள்ள இந்திய வீரர்களின் 49 பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அவை மகர்களின் பெயர்கள். வீரம் பிறப்பால் வருவதில்லை என்பதற்கு அவையே சாட்சி.

1927 ஜனவரி 1 அன்று, சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் அந்தத் தூணின் முன் வந்து நின்றார். அதே ஆண்டு மார்ச் 20 அன்று, மகாட் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கித் தண்ணீர் அருந்தினார்.

மாணவர்களே, உங்கள் பகுதியிலும் பழைய நினைவுக்கல் இருக்கலாம். அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று நின்று படித்துப் பாருங்கள். நம் வரலாறு அங்கிருந்தும் தொடங்கலாம்.