கார்த்திகை விளக்கீடு: சில குறிப்புகள்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் என்பது நூல் வழக்கு. இப்பருவத்து விழாக்களுள் கார்த்திகை விளக்கீட்டிற்குத் தமிழ் நூற்சான்றுகள் மிகுதி. அண்ணாமலையில் அழற்பிழம்பாய் நின்ற இறைவனின் அடிமுடியை அயனும் மாலும் தேடிய வரலாற்றினின்றே இவ்விழாத் தோன்றிற்று என்பர் பலர். யாமும் மாணவர்க்கு அவ்வாறே கூறிவந்தோம். பழைய நூல்களை மீண்டும் நோக்கியபோது, அக்கூற்று ஆராய்தற்குரியது எனக் கண்டோம்.

நக்கீரர் பாடிய அகநானூற்று 141ஆம் பாட்டு இதற்கு முதன்மையான சான்றாகும். மழை நீங்கியது, உழுபடை ஓய்ந்தது, நிறைமதி அறுமீனோடு கூடிய இரவில் மூதூர் மக்கள் தெருவில் விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, ஒருங்கு கூடி விழாக் கொள்கின்றனர். அவ்விழாவைத் தம்முடன் கொண்டாடத் தலைவன் வரவேண்டும் என்பது தலைவியின் விழைவு. இங்குக் கோயிலும் கூறப்படவில்லை. புராணக் கதையும் இல்லை. உழவு முடிந்த ஓய்வும், பிரிந்தவர் கூடுதலுமே பேசப்படுகின்றன.

நாளைக் குறித்த முறையும் கருதத்தக்கது. நிறைமதி ஞாயிற்றுக்கு எதிரே நிற்பது. ஞாயிறு விருச்சிகத்தில் இயங்குங்கால் அதற்கு எதிர்ப்பக்கத்தே கார்த்திகை மீன் உள்ளது. ஆதலின் அத்திங்களின் நிறைமதி அம்மீனை அடுத்து வருகின்றது. திங்கள் அம்மீனின் பெயர் பெற்றதும் இதனாலேயாம்.

நற்றிணை 202ஆம் பாட்டு, பூத்த கோங்கங்காட்டிற்கு இவ்விளக்கு வரிசையை உவமிக்கின்றது. அத்திங்களை அறம் செய்தற்குரியது என்கிறது. கார் நாற்பதில் தோன்றிப் பூவிற்கும், களவழி நாற்பதில் போர்க்களத்துக் குருதிக்கும் இவ்விளக்கே உவமையாகின்றது. தெரிந்தது கொண்டே தெரியாததை விளக்குவது உவமையின் இயல்பு. எனவே விழா யாவரும் அறிந்தது என்பது தேற்றம். சமணக் காப்பியமாகிய சிந்தாமணியும் குன்றின்மேல் இட்ட கார்த்திகை விளக்கை உவமை கூறுதலின், அஃது ஒரு சமயத்தார்க்கே உரிய காட்சியாக எண்ணப்படவில்லை என்க. சம்பந்தர் மயிலைப் பதிகத்தில் விளக்கீடு கோயில் விழாக்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

அற்றேல், சங்க காலத்தில் கோயில் விளக்கீடு இல்லை என்று முடிவு கூறலாமோ எனின், கூறலாகாது. அகப்பாட்டுத் தன் பொருளுக்கு வேண்டியதையே எடுத்துரைக்கும்; அது கூறாமை இன்மைக்குச் சான்றாகாது. கிடைத்த சான்றளவில், வீடும் தெருவும் கொண்டாடிய பருவ விழா முற்பட நூலில் பதிவுற்றது; கோயில் விழாவாகப் பின்னரே காணப்படுகின்றது என்பதே யாம் துணிவது.

இன்றும் அண்ணாமலையில் மலைமேல் விளக்கேற்றுகின்றனர். கோயில்தோறும் சொக்கப்பனை கொளுத்துகின்றனர். சிற்றூர்ச் சிறுவர் மாவலி சுற்றுகின்றனர். மகளிர் வாயிலில் அகல் வைத்துப் பொரி படைக்கின்றனர். இவற்றுள் நக்கீரர் காட்டிய விழாவிற்கு மிக அணித்தாயது வாயிலில் வைக்கும் அவ்வகலே. அதனைச் சிறு வழக்கென்று விலக்கி மலைவிளக்கை மட்டும் ஆராய்வோர், விழாவின் பழம்பகுதியையே இழந்தவராவர்.